தொண்டைக் கண்ணாடியில் அசைந்தது

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். காது, மூக்கு, தொண்டை டாக்டருக்கு எதையும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நம்பித்தான் பழக்கம். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சிரிப்பேன்.

கழக ஆட்சி வந்த புதிது. நன்னிலம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். அந்த அறுவடையில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஊர் ஆட்கள் வயலில் இறங்க மறுக்க, மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். கைகலப்பில் ஒருவர் செத்துப்போனார். அடித்தது மிராசுதாரின் காரியஸ்தர்தான் என்று ஊரே பேசியது, ஆனால் கண்ணால் பார்த்தது இறந்தவரின் மனைவி அஞ்சலை மட்டும்தான். அவருக்கோ அன்றிலிருந்து குரலே இல்லை.

வழக்கு விசாரணைக்கு முன்னால் அவரைப் பேச வைக்க வேண்டும் என்று அவருடைய தம்பி கோவிந்தன் ஒரு காலையில் அழைத்து வந்தார்.

"நடவுல எங்கக்கா குலவ போட்டா ஆத்துக்கு அந்தாண்ட கேக்கும் டாக்டர். இப்ப தண்ணி வேணும்னாக்கூட கையாலதான் கேக்குது. கோர்ட்டுல அது வாயத் தொறக்கலன்னா அவனுவோ தப்பிச்சிருவானுவோ. நீங்கதான் பாக்கணும்."

கோவிந்தனை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு, அஞ்சலையை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். தொண்டையைப் பார்க்கிற கண்ணாடி நீளக் காம்பின் நுனியில் காசு அளவுக்கு வட்டமாக இருக்கும். மூச்சுப் பட்டால் மங்கிவிடும் என்பதால் அதை ஸ்பிரிட் விளக்கில் காட்டி, சூடு அதிகமா என்று புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, நோயாளியின் நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வாய்க்குள் விட வேண்டும். நாக்கு நம் கையில் இருக்கும்போது யாராலும் வார்த்தை பேச முடியாது, இதை மட்டும் மனதில் வையுங்கள்.

"ஈன்னு சொல்லுங்கம்மா" என்றேன்.

சத்தம் வரவில்லை. குரல் நாண்கள் வெள்ளையாக, பழுதில்லாமல் இருந்தன, ஆனால் ஒன்று சேரவில்லை. அதிர்ச்சியில் இப்படி ஆவது உண்டு. சரி என்று கண்ணாடியை எடுக்கப் போனேன், நாண்கள் தாமாகவே அசைய ஆரம்பித்தன. சேர்ந்தன, விலகின, நடுங்கின. பேசுகிறவர் தொண்டையில்தான் அப்படி இருக்கும். அறையில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை.

"சிஸ்டர், ஏதாவது கேக்குதா?"

"இல்லையே டாக்டர்" என்றார் நர்ஸ். அவரைப் பார்க்கச் சொல்லவும் வழியில்லை, நெற்றியில் விளக்குக் கண்ணாடி கட்டியவனுக்கு மட்டும்தான் உள்ளே தெரியும். நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை, இன்னும் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் வந்தது. மங்கிய கண்ணாடியை மறுபடி சூடாக்கி உள்ளே விட்டுப் பார்த்தேன். அசைந்துகொண்டேதான் இருந்தது.

கதவு படாரென்று திறந்தது. கோவிந்தன் அழுதுகொண்டு நின்றார்.

"அக்கா பேசிருச்சு டாக்டர்! அத்தான எங்க வச்சு அடிச்சான், எதால அடிச்சான், எல்லாத்தயும் சொல்லுச்சே!"

அஞ்சலையின் நாக்கு இன்னும் என் விரல்களில் இருந்தது. கோவிந்தனுக்குப் பின்னால் சீட்டு வாங்கிக் காத்திருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். "அந்தக் கொரலு எனக்குத் தெரியாதா? அஞ்சலதான்" என்றார் ஒரு அம்மா. வராந்தா முழுக்கக் கேட்டிருக்கிறது, உள்ளே இருந்த எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

கோர்ட்டில் அஞ்சலை கூண்டில் ஏறி வாயைத் திறந்தார், எதுவும் வரவில்லை. கை ஜாடையில் காட்டியது தெளிவாக இல்லை என்று தள்ளிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்ட குரலைச் சாட்சியாக எடுக்கச் சட்டத்தில் ஏது இடம்? கோவிந்தன் சொல்லிப் பார்த்தார், எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். காரியஸ்தர் விடுதலையானார்.

வாசலில் அவருக்கு மாலை காத்திருந்தது. படியிறங்கியவர் சட்டென்று நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"அவள நிறுத்தச் சொல்லுங்கடா!"

அங்கே யாரும் பேசவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எதிரே மரத்தடியில் அஞ்சலை வாயை இறுக மூடியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை மட்டும் மேலும் கீழும் அசைந்தது. எச்சில் விழுங்கியிருப்பார் என்பீர்கள், நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் காரியஸ்தரைத் தாங்கிப் பிடித்து ஜீப்பில் ஏற்றி, அந்த ஜீப் தெரு திரும்பி மறைகிற வரைக்கும் ஒரு மனுஷியால் விழுங்கிக்கொண்டே இருக்க முடியாது.