டொக்டர் அம்மாவின் திருவுளச்சீட்டு

கரும்பலகையில் கோணம் வரையப் பள்ளிக்கூடங்களில் வைத்திருக்கும் பெரிய மர அரைவட்டம் ஒன்று, ஒரு காலையில் எங்கள் வார்ட் மேசையில் கிடந்தது. அதன் நடுவில் ஆணி அடித்து, இரண்டு மெல்லிய மரச் சட்டங்களைத் தச்சன் பொருத்தியிருந்தான். ஒன்று அசையாது, மற்றது மணிக்கூட்டு முள்ளைப் போலச் சுழலும். டொக்டர் அம்மா என் முன்கையை அசையாத சட்டத்தில் வைத்து, உள்ளங்கையை மற்றச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்து, "மடக்கும் பிள்ளை, இன்னும் மடக்கும்" என்றார். என் மணிக்கட்டு எவ்வளவு வளைகிறது என்று அரைவட்டத்தின் விளிம்பில் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்த விதத்தை இன்றும் மறக்கவில்லை. திருவிழாவில் புதுக் காப்பு வாங்கிய சிறுமியின் முகம் அது. "பள்ளிக்கூடத்திலை கணக்கு மாஸ்டர் தேடப்போறார்" என்றேன். "தேடட்டும். எங்களுக்கு இதிலை பெரிய கணக்கு ஒண்டு இருக்கு" என்றார்.

அது ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. நான் வலிகாமத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தேன். டொக்டர் அம்மா சென்னையில் படித்துவிட்டு வந்து எங்களோடு சேர்ந்தவர். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. தமிழ்ப் பெண்கள் டொக்டராக வருவது அரிதாக இருந்த அந்த நாளில், அவரைப் பார்ப்பதற்கென்றே இல்லாத தலையிடியை உண்டாக்கிக்கொண்டு வந்த பெண்களை எனக்குத் தெரியும்.

எங்கள் பகுதியில் கை முறிவுக்குக் குறைவே இல்லை. புகையிலைத் தோட்டங்களுக்கு நீர் இறைக்கக் கிணற்று ஏற்றமான துலாவில் ஏறி மிதிப்பவர்கள் கால் வழுக்கி விழுவார்கள். பெண்கள் கிணற்றடிப் பாசியில் சறுக்குவார்கள். விழும்போது எல்லோரும் கையை ஊன்றுவார்கள். எல்லோருக்கும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒரே இடத்தில் முறியும். எலும்பை நேராக்கி, மட்டை வைத்துக் கட்டி, வாரக்கணக்கில் அசையாமல் வைப்பதே வழக்கம். எலும்பு பொருந்திவிடும். ஆனால் கட்டை அவிழ்த்தால் கை மரக்கட்டை போல விறைத்திருக்கும். துருவிய தேங்காய்ப்பூவைப் பிழியமுடியாமல் அழுத ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு டொக்டர் அம்மா நெடுநேரம் இருந்தார். வேறு நாடுகளில் சில வைத்தியர்கள் கட்டைத் தினமும் கொஞ்சம் தளர்த்தி, வெந்நீரில் கையை வைத்து, மெல்ல அசைக்கத் தொடங்கியிருப்பதாக அவர் வாசித்திருந்தார். எங்கள் பெரிய டொக்டருக்கு அது பிடிக்கவில்லை. "அசைச்சால் எலும்பு விலகும். பிறகு கை கோணிப்போகும். ஆர் பொறுப்பு?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. டொக்டர் அம்மா வாதாடவில்லை. "அப்ப ரெண்டையும் செய்து பாப்பம், சேர்" என்றார். பாதிப் பேருக்குப் பழைய முறை, மீதிப் பேருக்குப் புது முறை; ஒருவருக்காவது எலும்பு விலகினால் அன்றே நிறுத்திவிடுவது என்று உடன்பாடு ஆயிற்று.

பிறகு நாங்கள் பட்ட உற்சாகத்தை எப்படிச் சொல்வேன்! ஆஸ்பத்திரி வேலை என்றால் சொன்னதைச் செய்வது என்றே அதுவரை நினைத்திருந்தேன். யாருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியை நாங்களே கேட்டு, நாங்களே விடை தேடப்போகிறோம் என்பது எனக்குப் பெரும் புதுமையாக இருந்தது. சைக்கிளில் வீடு திரும்பும்போது வழியில் கண்டவர்களின் மணிக்கட்டையெல்லாம் பார்த்துக்கொண்டு போனேன்.

தொடக்கத்திலேயே இடறினோம். வந்த நோயாளர்களை டொக்டர் அம்மா தானே பார்த்துப் பிரித்தார். கொஞ்சக் காலம் போனபின், ஒரு மத்தியானம் விறாந்தையில் இரண்டு வாங்குப் பலகைகளில் இருந்தவர்களைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். புது முறைக்காரரின் வாங்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் இளந்தாரிகள். பழைய முறைக்காரரில் தலை நரைத்தவர்களே அதிகம். இளங்கை எந்த முறையிலும் சுலபமாக வளைந்துவிடும். "நான் வேணுமெண்டு செய்யேல்லைப் பிள்ளை" என்றார் மெதுவாக. "எனக்குப் புது முறை வெல்லவேணும் எண்டு ஆசை. கண் அந்த ஆசைக்குப் பின்னாலை போயிட்டுது. என்ரை கண்ணை நானே நம்பேலாது." அதுவரை செய்ததையெல்லாம் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்கப்போவதாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அவரோ அடுத்த நிமிடமே சிரித்தார். "கோயிலிலை முடிவு தெரியாட்டில் என்ன செய்யிறவை? திருவுளச்சீட்டுத்தானே போடுறவை!"

மேட்ரன் முகம் சுளித்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் கோயில் வழக்கமா என்று கேட்டார். "வேதாகமத்திலையும் சீட்டுப் போட்டிருக்கினம்" என்று டொக்டர் அம்மா சொன்னதும் அவரே சீட்டு மடிக்க இருந்துவிட்டார். ஒரு விசுக்கோத்துத் தகரப் பேணியில் மடித்த சீட்டுகள் வந்தன. பாதியில் 'கட்டு' என்றும் பாதியில் 'அசைவு' என்றும் எழுதியிருந்தது. நோயாளியே கையை விட்டு எடுக்கவேண்டும். கட்டு முழுதாக அவிழ்த்தபின் கையை அளக்கும் வேலை எனக்கு. யார் எந்தச் சீட்டு எடுத்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியக்கூடாது.

எது நல்லதென்று தனக்குத் தெரியாது என்பதை டொக்டர் அம்மா ஒவ்வொருவரிடமும் ஒளிக்காமல் சொன்னார். முதலில் கேட்ட தோட்டக் கமக்காரர் ஒருவர் சால்வையை உதறிக்கொண்டு எழும்பினார். "தெரியாதெண்டால் தெரிஞ்ச ஆளிட்டைப் போறம்!" என்று சொல்லி, முறிவு வைத்தியரிடம் போய்விட்டார். ஆனால் சீட்டு என்றதும் மற்றவர்களின் முகம் தெளிந்தது. கண்ணை மூடிக் கும்பிட்டு எடுத்தார்கள். எனக்குத்தான் பெரும்பாடு. "பிள்ளை, என்ரை சீட்டு என்னெண்டு சொல்லமாட்டன். ஆனா வெந்நி நல்ல சுகமாய் இருக்கு" என்று தொடங்குபவர்களிடமிருந்து காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் என் அண்ணை துலாவிலிருந்து விழுந்தார். கையை மறுகையால் ஏந்திக்கொண்டு வந்து நின்றார். புகையிலைக் கன்றுகள் நீருக்குக் காத்திருந்த காலம்; அவரை நம்பி அண்ணியும் இரண்டு குழந்தைகளும். நான் டொக்டர் அம்மாவைத் தனியே கூப்பிட்டேன். "அண்ணைக்கு மட்டும் சீட்டு வேண்டாம். அசைவிலை விடுங்கோ" என்று கெஞ்சினேன். அவர் என் தோளில் கை வைத்தார். "அது நல்லதெண்டு எங்களுக்குத் தெரிஞ்சிருந்தால் நான் ஏன் இந்தப் பாடுபடுறன்? எலும்பு விலகினால் உம்மடை அண்ணைக்கு என்ன சொல்லுவம்? விருப்பமில்லாட்டில் அவர் சீட்டு எடுக்கத் தேவையில்லை. பெரிய டொக்டர் பாப்பார்." அண்ணை கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "எல்லாரும் எடுக்கினம். நானும் எடுக்கிறன்" என்று பேணிக்குள் கையை விட்டார். வந்தது 'கட்டு'.

ஒரே வீட்டில் இருந்ததால் எனக்கு அது தெரிந்துபோயிற்று. அவர் கையை வேறொரு நேர்ஸ் அளந்தார். அந்த வாரங்கள் முழுக்க அண்ணை கட்டிய கையோடு வரம்பில் நிற்க, அயலார் முறை வைத்து வந்து தோட்டத்துக்கு இறைத்தார்கள்.

முடிவு பார்த்த பின்னேரத்தில் விறாந்தையில் எல்லோரும் கூடிவிட்டோம். நாங்கள் அளந்தவற்றை ஒரு பக்கமும், சீட்டுகளை மறுபக்கமும் வைத்து, பெரிய டொக்டரே ஒவ்வொன்றாகப் பொருத்தினார். டொக்டர் அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி இருந்தார். பாதி போவதற்குள்ளேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. 'அசைவு' சீட்டுக்காரரின் கைகள் நன்றாக வளைந்திருந்தன. ஒருவருக்கும் எலும்பு விலகவில்லை. பெரிய டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். விறாந்தையில் இருந்த ஒரு நோயாளியைக் கூப்பிட்டு, தானே ஒரு தரம் அளந்து பார்த்தார். பிறகு, "இனிச் சீட்டு வேண்டாம். வாறவை எல்லாருக்கும் இதையே செய்யும்" என்றார். மேட்ரன் கைதட்டினார். நான் டொக்டர் அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். அப்படிச் செய்யலாமா என்று யோசிக்கவே இல்லை.

வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் மனம் கனத்தது. அண்ணையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் விறைத்த கையை மடக்கிப் பார்த்தார். "அப்ப எனக்கு எப்ப தொடங்கிறியள்?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை டொக்டர் அம்மாவே மாட்டுவண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். 'கட்டு' எடுத்த ஒவ்வொருவரின் வீட்டுக்கும் அப்படித்தான் போனார். வெந்நீர்ச் சட்டிக்கு முன்னால் குந்தியிருந்து அண்ணையின் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்தார். பல மாதங்கள் எடுத்தன. கை முழுதாக மடங்கவில்லை. ஆனால் அடுத்த போகத்துக்கு அண்ணை துலாவில் நின்றார்.

டொக்டர் அம்மா பிறகு வேறொரு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போய், அங்கிருந்து கப்பலேறி மேற்படிப்புக்கும் போனார். இப்போது ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே படித்த பிள்ளைகள் புதுப்புதுக் கருவிகளோடு நிற்கிறார்கள். கை முறிந்தவரை அவர்கள் "விரலை ஆட்டுங்கோ" என்று சொல்லும்போது, இது ஒருகாலம் ஒருவருக்கும் நிச்சயமில்லாத விஷயமாக இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் துடிக்கும்.

அண்ணை கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். மருதனார்மடம் சந்தையில் ஒருமுறை வாழைக்குலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தவர், யாரோ கை முறிந்த கதையைச் சொன்னதும் தன் கையை நீட்டிக் காட்டினார். "அந்த ஆராய்ச்சியிலை நானும் நிண்டனான்."

"அப்ப வெண்ட பக்கமோ, அண்ணை?" என்று வியாபாரி கேட்டான்.

"இல்லையடா தம்பி, தோத்த பக்கம்" என்று அண்ணை தலையை நிமிர்த்திச் சொன்னார். "நாங்கள் நிக்காட்டில் மற்றவை வெண்டது ஆருக்குத் தெரியும்?"