கீழ்ப்பக்கத்துக்குப் புள்ளி இல்லை

என் அத்தான், அக்காவின் கணவர், வீடு விற்பவர். கனடாவில், ஸ்காபரோவில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் சிலர் அவருடைய முகத்தின் மேல் சாய்ந்துகொண்டுதான் காத்திருக்கிறார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் உட்காரும் வீதியோர வாங்கு ஒன்றின் முதுகில் அவர் கைகட்டிச் சிரிக்கும் விளம்பரம் இருக்கிறது. ரூஜ் பகுதியில் அவருக்கு இரண்டு கார் நிற்கக்கூடிய கராஜோடு வீடு. ஆனால் இரண்டு குளிர்காலமாக அந்தக் கராஜில் கார் நிற்கவில்லை. கார்கள் வெளியே பனிக்குள் நின்றன. உள்ளே, ஹீற்றரின் கதகதப்பில், ஒரு விமானம் நின்றது.

அதை விளையாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். மூக்கிலிருந்து வால் வரை அத்தானைவிட நீளம். அதற்குள் இருப்பது மண்ணெண்ணெயில் ஓடும் நிஜமான ஜெற் இயந்திரம். தரையில் நிற்பவர் கையிலுள்ள றிமோட்டால் அதைப் பறக்க விடலாம். உடம்பு ஃபைபர் கிளாஸில் துண்டு துண்டாகப் பெட்டிகளில் வந்து இறங்கியது. அத்தான் ஒட்டினார், அராவினார், தண்ணீர் தொட்டு அரத்தாள் போட்டார். என்ன விமானம் என்று கேட்டபோது, "ஜெற்" என்றார். பேஸ்மென்ட் சுவரின் ஈரத்தைப் பற்றி வீடு பார்க்க வந்தவர் கேட்டால் அவர் எவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்வாரோ, அவ்வளவு சுருக்கம்.

அந்தக் கராஜின் மூலையில் ஒரு பெரிய ஃபிறீசர் இருக்கிறது. அக்கா மீனை அதில்தான் வைப்பார். ஒரு சனிக்கிழமை விளைமீன் எடுக்கப் போனார், நான் பின்னால் போனேன். அத்தான் அன்றுதான் இறக்கைகளைப் பூட்டியிருந்தார். முக்கோண வடிவில் பெரிய இறக்கை. அதற்கு முன்னால், விமானி இருக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னே, இன்னொரு சோடிச் சின்ன இறக்கை. அக்கா ஃபிறீசரின் மூடியில் வைத்த கையை எடுத்தார்.

"உது கிபிரெல்லே?"

கிபிர், யுத்த காலத்தில் எங்கள் தலைக்கு மேலே வந்து குண்டு போட்ட ஜெற். நாங்கள் வன்னியில் இருந்த வருடங்களில் அதன் இரைச்சல் கேட்டால் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டுப் பங்கருக்குள் ஓடுவோம். அத்தானும் அப்படி ஓடியவர்தான், வேறோர் ஊரில்.

"ஓம்," என்றார் அத்தான். "ஆனா இது சின்னன்."

"உலகத்தில வேற பிளேனே கிடைக்கேல்லையே உங்களுக்கு?"

"கிடக்கு. அதுகள் ஒண்டும் என்னைத் துரத்தேல்லையே. அப்ப எல்லாம் அவன்ர கையில இருந்தது. இப்ப றிமோட் என்ர கையில."

அந்த வசனத்தை அவர் முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். பஸ் வாங்கின் முதுகுக்கு அளவாக இருந்தது.

அக்கா வாங்குகிற மனநிலையில் இல்லை. "ஒருக்காப் பறக்க விடுங்கோ. அதோட வித்துப்போட்டு வாங்கோ. உது நிக்கிற வீட்டில நான் நித்திரை கொள்ள மாட்டன்." மீன் எடுக்காமலே உள்ளே போனார். அன்று முட்டைதான் பொரித்தோம். அதன் பிறகு அவர் கராஜுக்குள் கால் வைக்கவில்லை. மீன் வேண்டுமென்றால் கதவைத் தட்டுவார். அத்தான் எடுத்துக் கொடுப்பார், பெரும்பாலும் கேட்ட மீனாக இருக்காது.

அத்தானின் கணக்கு வேறு. இப்படி விமானம் செய்து பறக்க விடுபவர்களுக்கு ஒரு கிளப் இருக்கிறது, கோடையில் அது ஒரு போட்டி நடத்தும். நிஜ விமானத்தை அச்சொட்டாகப் போலச் செய்தவருக்குப் பரிசு. அக்கா அன்று வந்து, அது பறக்கும் அழகை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் மனம் மாறுவார், பரிசும் கிடைத்துவிட்டால் விமானம் கராஜிலிருந்து ஹோலுக்கே குடிபெயரலாம் என்று நம்பினார். வேண்டாம் என்று சொல்பவர் விலை பேசத் தொடங்கிவிட்டார் என்று நம்புகிற தொழில் அவருடையது.

நிறம் பூசும் கட்டம் வந்ததும் ஆலோசகர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் பிறம்ரனில் லொறி ஓட்டுபவர், எங்கள் எல்லோருக்கும் பிறம்ரன் அண்ணை. மற்றவர் மன்னார்க்காரர், பார்க்டேலில் இருக்கும் ஓய்வுபெற்ற அங்கிள், பூசைக்குப் போன உடுப்போடேயே வருவார். அத்தான் அந்த விமானத்தின் படங்களை இணையத்திலிருந்து அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார். படங்களில் அதன் வயிற்றுப் பக்கம் சாம்பல் நிறம்.

"உந்தப் படம் பிழை தம்பி," என்றார் பிறம்ரன் அண்ணை. "அடி வெளிர் நீலம். வானத்தோட வானமா வரும். கண்டுபிடிக்கேலாது."

"கண்டுபிடிக்கேலாட்டி நீர் எப்பிடி நிறத்தைக் கண்டனீர்?" என்றார் அங்கிள். "அது வெள்ளி. வெயில்ல மின்னும்."

"மின்னினது குண்டு, அங்கிள்."

"குண்டு மின்னாது ஐசே. குண்டு கறுப்பு."

நான் சில வருடங்கள் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் செய்தி திருத்தியவள். ஒரே விபத்தைப் பார்த்த மூன்று பேரிடம் காரின் நிறத்தைக் கேட்டால் மூன்று கார்கள் கிடைக்கும் என்பது அங்கே படித்தது. ஆனால் அங்கிளின் வெள்ளி எனக்கு வேறு காரணத்தால் இடித்தது.

"அங்கிள், நீங்கள் கனடாவுக்கு எப்ப வந்தனீங்கள்?"

"நான் முதலே வந்திட்டன் பிள்ளை. பார்க்டேலில ஒரு தமிழ்க் கடையும் இல்லாத காலம்."

"அப்ப ஊரில கிபிரே வரேல்லையே?"

"அதுக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம்?"

கராஜில் ஒருவரும் என் பக்கம் பேசவில்லை. அங்கிள் வயதில் மூத்தவர். அதனால் முதலில் வெள்ளி பூசப்பட்டது. பிறம்ரன் அண்ணை இரண்டு வாரம் வரவில்லை. பிறகு அவருக்குத் தெரிந்த ஒருவரின் கார் பெயின்ற் அடிக்கும் கடையில், வேலை முடிந்த நேரம் பார்த்து, வெள்ளிக்கு மேல் நீலம் ஸ்பிறே அடித்தார்கள். இப்போது அங்கிளுக்கு முழங்கால் வலி வந்தது. கடைசியில் அத்தான் இருவருக்கும் பொதுவாக, நீலமென்றும் சொல்லக்கூடிய, சாம்பலென்றும் சொல்லக்கூடிய, வெயிலில் கொஞ்சம் மினுங்கக்கூடிய ஒரு நிறத்தைக் கலந்து மூன்றாவது பூச்சுப் பூசினார். மூன்று பூச்சின் பாரத்தில் வால் தாழ்ந்தது. வாலைத் தூக்க மூக்குக்குள் ஈயக்கட்டி வைத்தார்கள்.

அதற்குப் பிறகு வயிற்றுக்கு அலங்காரம். ஊசி போடும் சிறிஞ்சில் பசையை நிரப்பி, ஆணித் தலைகளைப் போல் துளித்துளியாக வைத்தார். மல்லாந்து படுத்துக்கொண்டு, நெற்றியில் லைற் கட்டிக்கொண்டு, வார இறுதிகள் முழுக்க. ஆணி முடிந்ததும் அழுக்கு. நிஜ விமானம் சுத்தமாக இருக்காதாம், புகைக்கறையும் எண்ணெய் வடிந்த தடமும் வேண்டுமாம். கறை உள்ள சுவரின் முன் சோபாவை இழுத்துப்போட்டு வீடு விற்கும் மனிதர், தூரிகை பிடித்துக் கறை வரைந்தார். மூவரும் குனிந்து நின்று, "இஞ்ச இன்னும் கொஞ்சம்", "குண்டு கொழுவுற இடத்தில காணாது" என்று ஆராய்ந்தார்கள்.

ஒரு நாள் நான் சும்மாதான் கேட்டேன்: "மேல்பக்கம் என்ன நிறம்?"

பிறம்ரன் அண்ணை, "மேல..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். அங்கிள் சுவரிலிருந்த படங்களுக்குக் கிட்டப் போனார். அந்த விமானத்தை எங்களில் ஒருவரும் மேலிருந்து பார்த்ததில்லை. மேலிருந்தவர்கள் பார்த்தது எங்களை.

"மேலுக்குப் படத்தை நம்பலாம்," என்றார் அத்தான். "கீழுக்கு நாங்கள்."

"மேல உம்மட விளம்பரத்தைப் போடும் தம்பி," என்றார் பிறம்ரன் அண்ணை. "ஆகாயத்தில போறவையும் வீடு வாங்குவினம்."

படத்தில் உள்ளபடி, பச்சையும் மண்ணிறமுமாக, ஒரே வார இறுதியில் மேல்பக்கம் முடிந்தது. வாக்குவாதம் எதுவும் இருக்கவில்லை.

போட்டி நடந்த இடம் நகரத்துக்கு வடகிழக்கே, சோயா வயல்களுக்கு நடுவே புல் வெட்டிய ஓடுபாதை. கிளப்காரர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள், மடக்குக் கதிரையும் தொப்பியுமாக வந்திருந்தார்கள். பிறம்ரன் அண்ணையும் அங்கிளும் எங்களோடு வந்தார்கள். அக்காவும் வந்தார். அத்தானின் முகம் மலர்ந்தபோது, "விக்கிறதைக் கண்ணால பாக்கத்தான் வந்தனான்," என்றார். "போர்ட் கொண்டுவந்தனீங்களே?" ஊரெல்லாம் விற்பனைப் பலகை நடுகிறவர் அன்று ஒரு பலகையும் கொண்டுவந்திருக்கவில்லை.

பறப்பதற்கு முன்னால் நிறத்துக்கும் உருவத்துக்கும் தனியாகப் புள்ளி. நடுவர் விமானத்திலிருந்து சில அடி தள்ளி நின்று பக்கவாட்டில் பார்த்தார், முன்னால் பார்த்தார், மேலிருந்து பார்த்தார், கையிலுள்ள படங்களோடு ஒப்பிட்டார். மேல்பக்கப் பூச்சு மிக நன்று என்றார். அத்தான் புல்லில் முழங்காலிட்டு, வீட்டைச் சூடாக்கும் புது ஃபேர்னஸைக் காட்டுவதைப் போல, கீழே கையைக் காட்டினார். கீழேயும் பாருங்கள், தயவுசெய்து. நடுவர் சிரித்தார். கீழ்ப்பக்கத்துக்குப் புள்ளி இல்லை, விமானம் சக்கரத்தில் நிற்கும்போது தெரிவதற்கு மட்டும்தான் என்றார். மரியாதையான மனிதர். ஆனால் குனியவில்லை.

பிறம்ரன் அண்ணை, "எங்களிட்டை விட்டால் நாங்கள் போட்டிருப்பம் புள்ளி," என்று, அக்கா பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

அத்தான் விமானத்தின் எண்ணெய்த் தாங்கியை நிரப்பினார். அக்கா கதிரையில் இருந்தபடி கேட்டார்: "எவ்வளவு மண்ணெண்ணெய் குடிக்கும்?"

"ஒருக்காப் பறக்க உந்தக் கான்ல பாதி போகும்."

"சண்டை நேரம் ஊரில ஒரு போத்திலுக்கு நாங்கள் விடியவிடிய லைன்ல நிண்டனாங்கள்," என்றார் அக்கா. அத்தான் மூடியை இறுக்கினார்.

இயந்திரம் முதலில் விசில் அடித்தது, பிறகு இரைந்தது. எனக்கு அந்த இரைச்சல் பிடிக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். விமானம் ஓடி எழும்பியது. அத்தான் கெட்டிக்காரர், அதை மறைக்க முடியாது. அகலமாக வட்டமிட்டார், ஒரு பக்கமாகச் சாய்த்தார், உயர ஏற்றித் திருப்பினார். வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். அத்தான் ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தார். அக்கா மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஓடுபாதைக்கு நேராகத் தாழ வந்து போக வேண்டும். ஆட்களின் தலைக்கு மேலே வரக்கூடாது என்பது கிளப்பின் சட்டம். தூரத்தில் திரும்பும்போது காற்றுத் தள்ளியது. அத்தான் அதைத் திருத்தப் பிந்திவிட்டார். விமானம் ஓடுபாதையை விட்டு எங்களை நோக்கி வந்தது, தாழ, முக்கோணமாக, முன்னே அந்தச் சின்னச் சோடி இறக்கையோடு.

நான் தலையை நிமிர்த்திப் பார்த்தபோது என் வாயில் புல் இருந்தது. பிறம்ரன் அண்ணை ரோல்ஸ் வைத்த மேசைக்குக் கீழே இருந்தார், இரண்டு கையாலும் காதைப் பொத்தியபடி. அக்கா கதிரைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அங்கிள் மட்டும் நிமிர்ந்து நின்றார். கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, ஆசையோடு அண்ணாந்து பார்த்து, "பாத்தியளே, வெள்ளி!" என்றார். வாழ்க்கையில் முதன்முதலாகக் கிபிர் பார்க்கும் மனிதர் வேறு எப்படி நிற்பார்?

அத்தான் குப்புறப் படுத்திருந்தார். றிமோட் அவருடைய நெஞ்சுக்குக் கீழே இருந்தது. விமானம் அந்த நெஞ்சு சொன்னபடி பறந்தது. எங்களைத் தாண்டியது, ஒரு தோளைச் சரித்தது, முதுகைத் திருப்பியது, சோயா வயலுக்குள் மூக்கைக் குத்தி இறங்கியது. ஈயக்கட்டி வைத்த மூக்கு.

பெரிய சத்தம் இல்லை. மெல்லிய புகை எழும்பியது. இரண்டு பேர் தீயணைக்கும் உருளைகளோடு ஓடினார்கள். மற்றவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு மௌனமாக நின்றார்கள். தரையில் கிடக்கும் எங்களைப் பார்ப்பதா, வயலைப் பார்ப்பதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அந்த மௌனத்தில் ஒருவர் கை தட்டினார். அக்கா. எழும்பி நின்று, இரண்டு கையையும் முகத்துக்கு நேரே வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலத் தட்டினார். நடுவர் திரும்பிப் பார்த்தார். எழும்பிய அத்தானின் கன்னத்தில் மண் இருந்தது.

"இஞ்சருங்கோ," என்றார் அக்கா, மூச்சு வாங்க. "விழுந்திட்டுது. பாத்தனீங்களே? விழுந்திட்டுது!"

"பாத்தனான்," என்றார் அத்தான்.

"பங்கருக்குள்ள இருந்து எத்தினை தரம் கேட்டிருப்பம். ஒருக்காலும் விழேல்லை."

துண்டுகளைப் பொறுக்கியது அக்காதான். வாகனத்தின் பின்சீற்றை மடித்து, ரோல்ஸ் மூடிவந்த துணியை விரித்து, ஒவ்வொன்றாக அடுக்கினார். குப்பையில் போடுவதற்காகக் கிளப்காரர் ஒருவர் அவற்றைக் கேட்டு வந்தபோது கொடுக்கவில்லை. "உதை வீட்டில வைக்கலாம்," என்றார் அத்தானிடம். அத்தானுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகம். பஸ் வாங்கில் அந்த முகத்தைப் போட்டால் யாரும் சாய மாட்டார்கள்.

உடைந்த இறக்கை இப்போது கராஜ் சுவரில் தொங்குகிறது, வயிற்றுப் பக்கம் வெளியே தெரிய. முறிந்த விளிம்பில் சாம்பல், நீலம், வெள்ளி மூன்றும் வரி வரியாகத் தெரிகின்றன. சனிக்கிழமைகளில் வரும் இருவரும் தங்கள் தங்கள் வரியைக் காட்டி இன்னும் வாதாடுகிறார்கள். அங்கிள் இப்போது நேரில் கண்ட சாட்சி ஆகிவிட்டதால் அவருடன் பேசவே முடியாது. ஒரு கார் உள்ளே நிற்கிறது.

அக்கா மீனைத் தானே எடுக்கிறார். போன வாரம் நான் நிற்கும்போது அத்தான் மெதுவாகச் சொன்னார், இன்னொன்று செய்யலாம் என்று யோசிக்கிறாராம், இந்த முறை பயணிகள் விமானமாம். அக்கா ஃபிறீசருக்குள் குனிந்தபடி கேட்டார்:

"ஏன், கிபிர் முடிஞ்சுதோ? அதையே செய்யுங்கோ. விழுத்துற நாளுக்கு மட்டும் எனக்கு முதலே சொல்லுங்கோ, நான் லீவு போடுறன்."