முந்திரிக் கொட்டகையில் படித்த பின்கதை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஒரு வருஷம் முழுசாக நான் தங்கியதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி, கொச்சிக்குப் பக்கத்தில் இறால் உரிக்கும் ஷெட், ஆந்திராவில் செங்கல் சூளை, மறுபடியும் திருப்பூர். நடுவில் ஒரு கல்யாணம். மாமன் மகனுக்குத்தான் கட்டிவைத்தார்கள். இரண்டு வருஷத்தில் அவர் வேறொரு பெண்ணோடு போய்விட்டார். கொஞ்ச நாள் அழுதேன், பிறகு பஸ் ஏறினேன். பஸ் ஏறுவது எனக்கு எப்போதும் சுலபமாக வந்தது.

ஆதனக்கோட்டைக்கு வந்ததும் அப்படித்தான். புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். ரோட்டோரம் முழுக்க முந்திரி வறுக்கும் புகை. ஒரு கொட்டகை வாசலில் ஆள் தேவை என்று அட்டையில் எழுதிக் கட்டியிருந்தார்கள். இறங்கிவிட்டேன். கொட்டகைக்குச் சொந்தக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "தங்க எடம் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். பின்னால் சாக்கு அடுக்கும் அறையைக் காட்டினார்.

வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்து மரக்கட்டையால் ஒரு தட்டு. அளவாகத் தட்டினால் முழுப் பருப்பு விழும். கொஞ்சம் ஓங்கினால் இரண்டாக, நாலாக உடையும். உடைந்த பருப்புக்கு மதிப்பில்லை. சாயங்காலம் சொந்தக்காரம்மா ஒவ்வொருத்தி கூடையிலும் கைவிட்டு அடியிலிருந்து அள்ளிப் பார்ப்பார். மேலே முழுசை வைத்து அடியில் நொறுங்கலைப் புதைக்கும் வித்தையெல்லாம் அவரிடம் நடக்காது.

கொட்டையின் ஓட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்ட இடம் வெந்துபோகும். அதற்காக விரலில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். பல வருஷம் உடைத்தவர்களின் விரலில் ரேகையே இருக்காது. ரேஷன் கடை மெஷினில் விரலை வைத்தால் அது ஆளைத் தெரியாது என்று சொல்லிவிடும். அவர்கள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எனக்கு மூன்றாம் நாளே இரண்டு கையும் கொப்பளித்துவிட்டது. சொந்தக்காரம்மா பார்த்துவிட்டு, "ஒனக்கு இது ஒத்துக்காது. சனிக்கெழமையோட வேற எடம் பாத்துக்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

இந்தத் தடவை எனக்குப் போக மனமில்லை. ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. சாக்கு அறையில் காற்று வந்தது. மத்தியானம் அங்கே உடைக்கிற எட்டுப் பெண்களும் தூக்குவாளியைத் திறந்து நடுவில் வைத்து, யார் குழம்பு யாருடையது என்றில்லாமல் சாப்பிட்டார்கள். அதில் எனக்கும் ஒரு பங்கு வைத்தார்கள், யாரும் சொல்லாமலே. அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

கை வேலைக்கு ஆகாததால் அன்று ஓரமாக உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். திருப்பூர் ஹாஸ்டலில் யாரோ விட்டுப் போனது. அட்டை இல்லை, தலைப்பு தெரியாது. இருநூறு வருஷத்துக்கு முந்திய இங்கிலாந்துக் கதை, தமிழில். ஒரு பாதிரியாருக்கு இரண்டு மகள்கள். மூத்தவளுக்கும் பக்கத்து ஜமீன்காரனுக்கும் முதலில் ஆகாது, கடைசியில் கல்யாணம் ஆகும். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உடைக்கும் அக்கா பொன்னமராவதியில் பிறந்தவர், வாய் ஓயாதவர். எட்டிப் பார்த்தார்.

"என்னத்தடி முணுமுணுங்குற? வாயத் தொறந்து படி, நாங்களும் கேக்குறோம்."

படித்தேன். கட்டைச் சத்தத்துக்கு மேலே கத்திப் படிக்க வேண்டியிருந்தது. பத்தே நிமிஷத்தில் கட்டைகள் மெதுவாகின.

"அவுகளுக்கு வேல வெட்டி ஒண்ணுமே இல்லையா?" என்று ஒருத்தி கேட்டாள். "டீ குடிக்கிறாக, நடக்குறாக, திரும்பி வந்து டீ குடிக்கிறாக."

"நடக்குறதுதான் வேல" என்றேன்.

"வெறகு பொறுக்கவா?"

"சும்மா நடக்குறாங்க."

"சும்மாவா! இந்தா, என்னக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. நானும் நடக்குறேன்."

சனிக்கிழமை வந்தபோது அந்த ஜமீன்காரன் முதல் தடவை பெண் கேட்டு, அவள் முடியாது என்று சொல்லியிருந்தாள். அந்த இடத்தில் நான் கிளம்புவதை எட்டுப் பேரும் ஒப்புக்கொள்ளவில்லை. பொன்னமராவதி அக்கா சொந்தக்காரம்மாவிடம் போய்ப் பேசினார். அவர் சொன்ன ஏற்பாடு இதுதான்: நான் படிப்பது, அவர்கள் ஆளுக்கு ரெண்டு கை பருப்பு என் கூடையில் போடுவது. என் கூடையும் மற்றவர்கள் கூடை அளவுக்கு நிறைந்துவிடும்.

சொந்தக்காரம்மா யோசித்தார். "சரி. ஆனா கதை கேட்டுக்கிட்டுக் கட்டைய ஓங்கிப் போட்டீகன்னா பருப்பு ஒடையும். என்னைக்கு நொறுங்கல் கூடுதோ, அன்னைக்கோட கதையும் கெடையாது, இவளுக்குச் சாக்கு ரூமும் கெடையாது."

ஆக, நான் அங்கே இருப்பதா போவதா என்பது அவர்கள் கையில் இருந்தது. அதுவும் அவர்கள் கட்டையை எவ்வளவு ஓங்குகிறார்கள் என்பதில் இருந்தது. பரபரப்பான இடம் வந்தால் நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். ஜமீன்காரன் மழையில் நனைந்து வந்த அத்தியாயத்தைப் பஞ்சாங்கம் வாசிப்பதுபோல வாசித்தேன்.

கதை முடிந்தது. மூத்தவள் ஜமீன்காரனைக் கட்டினாள், இளையவள் ஒரு கப்பல்காரனைக் கட்டினாள். எட்டுப் பேரும் ஒரே குரலில், "அப்பறம்?" என்றார்கள். அப்புறம் எதுவும் இல்லை என்று கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். ஒருத்திக்கும் திருப்தி இல்லை. பிள்ளை பிறந்ததா, மாமியார் எப்படி, அந்தக் கப்பல்காரன் ஒழுங்காக வீடு வந்து சேருகிறானா. எனக்கும் அதே கேள்விகள்தான். கூடவே, படிக்க எதுவும் இல்லையென்றால் எனக்கு அங்கே என்ன வேலை என்ற கேள்வியும் இருந்தது.

கைக்கு மருந்து வாங்கப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, ஒரு பழைய புத்தகக் கடையில் அந்த அட்டையில்லாத புத்தகத்தைக் காட்டினேன். கடைக்காரர் நாலு வரி படித்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"இத எழுதுனவங்க எப்பவோ போய்ச் சேந்துட்டாங்கம்மா. ஆனா இதுல வர்ற ஆளுகள ஜனங்க விட மாட்டேங்குறாங்க. இப்ப இருக்கிறவங்க அவுக பாட்டுக்குப் பின்கதை எழுதுறாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. ஒருத்தர் புள்ளைகள வச்சு எழுதுறாரு, ஒருத்தர் வயசான காலத்த எழுதுறாரு. இந்தக் கதைக்கும் தமிழ்ல ஒண்ணு வந்திருக்கு, இருங்க."

ஏணி போட்டு எடுத்துக் கொடுத்தார். அவருக்கும் நான் கடமைப்பட்டவள். முன்னுரையில் அந்தப் பின்கதையை எழுதிய அம்மா, சின்ன வயதில் மூலக்கதையைப் படித்து முடித்ததும் அவர்களைப் பிரிய முடியாமல் அழுததாகவும், அதனால்தான் எழுதியதாகவும் சொல்லியிருந்தார். எங்கோ ஒரு வெள்ளைக்காரம்மாவும் எங்கள் எட்டுப் பேரைப்போல "அப்பறம்?" என்று கேட்டிருக்கிறார் என்பது எனக்குப் பிடித்தது.

திரும்பும் பஸ்ஸில் பாதியைப் படித்துவிட்டேன். இருபது வருஷம் கழித்து நடக்கும் கதை. மூத்தவளுக்கு ஒரு மகன், இளையவளுக்கு ஒரு மகள். இரண்டு பேரும் காதலிக்கிறார்கள். அந்த ஊரில் அது ஒரு விஷயமே இல்லை. சொத்துத் தகராறில்தான் கல்யாணம் தடைப்படுகிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் அக்கா மகனும் தங்கச்சி மகளும் என்றால் அண்ணன் தங்கச்சி. இதைக் கொட்டகையில் வாசித்தால் கட்டை எப்படி விழும் என்று எனக்குத் தெரியும்.

பஸ் ஊருக்கு வருவதற்குள் வழி கண்டுபிடித்தேன். ஜமீன்காரனுக்கு ஒரு தங்கச்சி உண்டு, முதல் புத்தகத்திலேயே வருவாள். பெண்ணை அவளுடைய மகளாக்கிவிட்டால் பையனுக்கு அத்தை மகள். கேட்பவர்கள் கும்பிட்டு ஏற்றுக்கொள்ளும் சம்பந்தம். புத்தகத்தில் சித்தி என்று வரும் இடமெல்லாம் அத்தை என்று வாசித்தேன். பெரியப்பா மாமாவானார். ஜமீன்காரனின் நிஜமான தங்கச்சி இரண்டு இடத்தில் வந்தாள். அந்த இரண்டையும் தாண்டிப் போனேன். படிக்கும்போதே மனசுக்குள் உறவை மாற்றுவது முந்திரி உடைப்பதைவிடக் கஷ்டமான வேலை.

"அத்த மகதான? பேசி முடிக்க வேண்டியதுதான, எதுக்கு ஜன்னல்ல நின்னு அழுவுறா?" என்று பொன்னமராவதி அக்கா தினமும் கேட்டார்.

"சொத்துத் தகராறு அக்கா."

"அப்படிச் சொல்லு. அது எங்கிட்டுத்தான் இல்ல."

ஐந்து நாள் தப்பித்தேன். ஆறாம் நாள் ஒரு கடிதம் வந்தது. தங்கச்சி அக்காவுக்கு எழுதுவது. பிள்ளைகளின் பிடிவாதத்தைச் சொல்லிவிட்டு, பழையதைப் பற்றி எழுதுகிறாள். குளிர்காலத்தில் அடுப்பில் கரி இல்லாதபோது இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் படுத்தது, அம்மா செத்த அன்று அக்கா தன் பங்கு ரொட்டியை இவளுக்குக் கொடுத்தது. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அந்தக் கடிதத்துக்குள் போய்விட்டேன். எதையும் மாற்றாமல், எழுதியிருந்தபடியே, அக்கா அக்கா என்றே படித்து முடித்தேன். நிமிர்ந்தால் ஒரு கட்டைகூட அசையவில்லை.

பொன்னமராவதி அக்கா மெதுவாகக் கேட்டார். "ஏன்டி, நாத்தனாரும் மதினியும் சின்னப்புள்ளையில எப்படி ஒரே போர்வையில படுத்தாக?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரே நேரத்தில் தட்டினார்கள்.

"அக்கா தங்கச்சி புள்ளைகளா? அடி ஆத்தி!"

"அந்த மூத்தவளுக்குப் புத்தி எங்க போச்சு? அவ்வளவு படிச்ச பொம்பள!"

"எழுதுனவளச் சொல்லணும்டி. அவளக் கூட்டிட்டு வா, நான் கேக்குறேன்."

"இத்தன நாளும் நம்மள ஏமாத்திருக்கா பாரு இவ, அத்த அத்தன்னு!"

ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு அடி. பருப்பு நாலாகவும் எட்டாகவும் சிதறுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாக்கு அறை என் கையை விட்டுப் போவதைப் பார்ப்பதுபோல இருந்தது. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன்.

"அக்கா, திருப்பூர்ல எங்கூட ஒடிசாப் பொண்ணு ஒருத்தி தச்சா. நான் மாமன் மகனக் கட்டுனவன்னு கேட்டதும் காறித் துப்புனா. அவ ஊர்ல அது அண்ணன் தங்கச்சியாம். மூணு நாள் எங்கூட உக்காந்து சாப்புடல."

சத்தம் நின்றது. அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் மாமன் மகனையோ அத்தை மகனையோ கட்டியவர்கள்.

"நம்மளப் பாத்தா துப்புனா?" என்றார் பொன்னமராவதி அக்கா.

"என்னைப் பாத்துத்தான்."

"எடுபட்டவ." கையிலிருந்த கொட்டையைக் கல்லில் வைத்தார். "அவ ஊரு மொற அவளுக்கு. சரி விடு."

அப்போதுதான் எல்லாரும் கூடையைக் குனிந்து பார்த்தார்கள். எனக்குப் போட வேண்டிய பங்கைப் போட ஆரம்பித்தார்கள். நான் பார்க்கவில்லை. சாக்கு அறைக்குப் போய் என் இரண்டு புடவையையும் மடித்துப் பைக்குள் வைத்தேன். அந்த வேலை எனக்குப் பழக்கம்.

சாயங்காலம் சொந்தக்காரம்மா வந்து கூடை கூடையாகக் கைவிட்டார். முதல் கூடையில் நொறுங்கல் இருந்தது. முகம் சுருங்கியது. அடுத்ததிலும் இருந்தது. எட்டுக் கூடையிலும் இருந்தது. கடைசியாக என் கூடைக்கு வந்து அடிவரைக்கும் கைவிட்டு அள்ளினார். முழுப் பருப்பு. திரும்ப அள்ளினார். ஒன்றுகூட உடையவில்லை. அன்று தப்பிப் பிழைத்த முழுப் பருப்பையெல்லாம் பொறுக்கி எனக்குப் போட்டுவிட்டு, உடைந்ததைத் தங்கள் கூடையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். முழுப் பருப்பின் எடைக்குக் கூலி வாங்குகிறவர்களுக்கு அது எவ்வளவு நஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

சொந்தக்காரம்மா என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். அந்த அம்மாவுக்குப் புரியாமல் இல்லை.

"கதைனால ஒடைஞ்சதா?"

"இல்லங்கம்மா. வறுவல் இன்னைக்கு முறுகிப் போச்சு" என்றார் பொன்னமராவதி அக்கா. வறுப்பது சொந்தக்காரம்மாவின் வீட்டுக்காரர்.

சொந்தக்காரம்மா வறுக்கும் அடுப்புப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "சொல்லி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்களுக்கு நன்றி சொல்லப் போனேன். சொல்ல விடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எத்தனையோ ஊரில் என்னை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள், சிலர் நியாயமாக, சிலர் அநியாயமாக. போகாதே என்று தடுத்தவர்கள் இவர்கள் மட்டும்தான். அதையும் வாயால் சொல்லாமல் செய்தார்கள்.

மறுநாள் காலை புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி உட்கார்ந்திருந்தேன். படிப்பதா வேண்டாமா, படித்தால் எப்படிப் படிப்பது. பொன்னமராவதி அக்கா விரலில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"என்ன பாக்குற? படி. அந்தப் புள்ளைக ரெண்டும் ஒண்ணு சேருதான்னு தெரியணும்ல."

"எப்படி அக்கா படிக்க? இருக்கிறபடியேவா?"

அவர் மற்றவர்களைப் பார்த்தார். கல்லில் முதல் கொட்டையை வைத்து, அளவாக ஒரு தட்டுத் தட்டி, முழுப் பருப்பை என் கூடையில் போட்டார்.

"எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நீ அத்தைன்னே படி."