ஏதோ கறக்குதுங்க சார்

கறவை மாடு கூடுதலாகப் பால் கொடுக்க ஒரு பொடி தயாரிக்கிறேன் என்று கிளம்பி, இருக்கிற பாலையும் வற்றவைக்கிற பொடியைத் தயாரித்தவன் என்ற பெயர் கொஞ்ச காலம் எனக்கு இருந்தது. கால்நடை மருத்துவத்தில் அப்படி ஒரு சாதனைக்கு எனக்கு முன்னால் யாரும் முயன்றதுகூட இல்லை. மாடு வளர்ப்பவர்களுக்கு அதனால் நயா பைசா பிரயோஜனம் கிடையாது என்பது ஒன்றுதான் குறை.

பொடி என்று நான் சொல்வது தாது உப்புக் கலவை. சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ், இன்னும் சில உப்புகள் சேர்ந்தது. தினமும் ஒரு கை அள்ளித் தவிட்டில் பிசைந்து வைத்தால் மாடு நக்கித் தின்றுவிடும். அளவுகளை மாற்றி மாற்றிப் பார்த்து நானே ஒரு புதுக் கலவை செய்திருந்தேன். பார்க்க அசல் விபூதி. ஸ்ரீரங்கத்தில், திருமண் இட்டுக்கொள்ளும் மாமனார் வீட்டு மாடியில் குடியிருந்துகொண்டு, அந்த டப்பாவைத் திறந்தபடி கூடத்தில் வைத்த அன்று என் மனைவி பார்த்த பார்வைக்கு ஆராய்ச்சிக் கட்டுரையில் இடம் கிடைக்கவில்லை.

சோதனை நடந்தது எடமலைப்பட்டி புதூரில். வரிசையாக மாடி வீடுகள், நடுநடுவே காலி மனைகள். காலி மனை என்றால் அதில் ஒரு மாடு நிற்கும். மாடு வைத்திருந்த வீடுகளில் பாதிக்குப் பொடி கொடுத்தேன். மற்ற பாதிக்குக் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள். வாரா வாரம் போய், மாடு எவ்வளவு கறக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும்.

நீயே நின்று அளந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கறக்கும்போது புது ஆள் நின்றால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். அந்த வீட்டுப் பெண்களும் அதைத்தான் சொன்னார்கள், எங்கள் பாடப் புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. சரி என்று, கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை வீட்டுக்கு ஒன்று கொடுத்தேன். ஒரு வீட்டில் அது குளியலறைக்குப் போனது, இன்னொரு வீட்டில் தோசை மாவு மொள்ள உதவியது. சொசைட்டிக்குப் பால் ஊற்றுபவர்களாக இருந்தால் அங்கேயாவது அளவு கிடைக்கும். இவர்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் டீக்கடைக்கும் நேராக ஊற்றுபவர்கள். ஆக, அவர்கள் வாயால் சொல்வதுதான் என் விஞ்ஞானம்.

பொடி வாங்கிய வீடுகளில் முதல் வீடு ஓர் அக்காவுடையது. ஒரே மாடு, கறுப்பு வெள்ளைக் கலப்பினம். என்னைவிட அதற்கு அந்தத் தெருவில் மரியாதை அதிகம்.

“எவ்வளவு கறக்குதுக்கா?”

“ஏதோ கறக்குதுங்க சார்.”

“ஏதோன்னா?”

“குடிக்கவும் ஆச்சு, ஊத்தவும் ஆச்சு.”

“லிட்டர்ல சொல்லுங்கக்கா. எழுதணும்.”

“வேளைக்கு நாலுன்னு போட்டுக்குங்க.”

போட்டுக்கொண்டேன். பொடி தின்னத் தொடங்கிய பிறகு நாலு மூன்றரை ஆனது. அப்புறம் மூன்று. “வெயில் சார்” என்றார் அக்கா. மழை வந்தது. “மழை சார்” என்றார். பொடி வாங்கிய மற்ற வீடுகளிலும் இதே இறங்குமுகம். பொடி வாங்காத வீடுகளிலோ அளவு ஆடாமல் அசையாமல் நின்றது.

ஆய்வு நிலையத்தில் என் வழிகாட்டியான பேராசிரியர் அந்த வரைபடத்தை நேராகப் பார்த்தார். பிறகு தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

“இப்படிப் பிடிச்சா நல்லாத்தான்யா இருக்கு.”

“சார், கொஞ்சம் டைம் கொடுத்தீங்கன்னா…”

“எதுக்கு? மாடு பூரா வத்துறதுக்கா? அடுத்த ஆய்வுக் கூட்டம் வரைக்கும் பாரு. இதே கதைன்னா பொடிய நிறுத்திடு. கோழி எச்சத்துல ஒரு தலைப்பு காலியா இருக்கு. நல்ல தலைப்பு. யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க.”

யாரும் ஏன் எடுக்கவில்லை என்று அந்த எச்சம் வைத்திருக்கும் அறைப் பக்கம் மூக்கோடு போய் வந்த எவரையும் கேட்க வேண்டியதில்லை. அன்று பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது, இத்தனை வருஷப் படிப்பும் கோழியின் பின்பக்கத்தில் போய் முடியப்போகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் சட்டை மாற்றும்போது பேன்ட் கொக்கி பட்டென்று தெறித்து விழுந்தது. மனைவி அதைப் பொறுக்கி எடுத்தாள்.

“மாடெல்லாம் வத்திப் போச்சுங்கறேள். நீங்க மட்டும் ஏன்னா இப்படிப் பெருக்கறேள்?”

“வேலைக் கவலை.”

“கவலையில தொப்பை போட்ட மனுஷாள இப்பத்தான் பாக்கறேன். புதூர்ல என்ன சாப்பிடறேள்?”

“ஒண்ணும் இல்லையே. காபிதான்.”

சொல்லிவிட்டு யோசித்தேன். காபிதான். ஆனால் என்ன காபி! பொடி வாங்காத வீடுகளில் டம்ளரின் அடி தெரிகிற காபி. பொடி வாங்கிய வீடுகளிலோ ஆடை மிதந்தது, உதட்டில் ஒட்டியது. அக்கா வீட்டுக் காபியில் ஸ்பூனை நட்டால் நிற்கும். வேளைக்கு மூன்று லிட்டருக்கு இறங்கிப்போன மாட்டின் வீட்டில் இப்படி ஒரு காபியா?

அப்போதும் எனக்கு முழுதாகப் புரிந்துவிடவில்லை. நான் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவன், கொஞ்சம் நேரமாகும். மனைவி வாசலுக்குப் போயிருந்தாள். அங்கே எதிர் வீட்டு மாமியின் குரல் கேட்டது. எங்கள் பெண்ணின் படிப்பை விசாரித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான் அவள் வகுப்பில் முதலாவதாக வந்திருந்தாள். அதற்காகத் திருக்கண்ணமுது என்கிற பாயசம் செய்து, நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டிருந்தேன்.

என் மனைவி அவரிடம் சொன்னாள்: “ஏதோ படிக்கறா மாமி. பாஸ் பண்ணினா சரி. எல்லாம் பெருமாள் விட்ட வழி.”

ஏதோ!

கொக்கி போன பேன்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டே கூடத்தில் நின்றேன். பால் நிறையக் கறக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். பொடி வேலை செய்யச் செய்ய, பால் ஏற ஏற, சொல்கிற அளவு இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பொடி வாங்காதவர்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை, அதனால் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். மாட்டின் வெற்றியை நான் என் கையாலேயே தோல்வி என்று எழுதிக்கொண்டிருந்தேன். சாட்சிக்கு இருந்தது என் தொப்பை. அதைப் பேராசிரியர் மேஜையில் வைக்க முடியாது.

மறுநாளே அக்கா வீட்டுக்குப் போனேன்.

“அக்கா, பொடிய நிறுத்தப்போறாங்க.”

அவர் கை தவிட்டுச் சட்டியிலேயே நின்றது. “ஐயையோ. ஏன் சார்?”

“பால் குறையுதுன்னு நீங்கதானே சொன்னீங்க? பால் குறைக்கிற பொடி எதுக்கு?”

“அது… குறையுதுதான். இருந்தாலும் மாடு பழகிடுச்சுங்க.”

“உண்மைய சொல்லுங்கக்கா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“சொல்ல மாட்டீங்க. எழுதுவீங்கள்ல? அத நாலு பேரு படிப்பாங்கள்ல?”

“ஆராய்ச்சிக் கட்டுரைய ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. அதுக்கு நான் கேரண்டி.”

என் வாழ்நாளில் நான் சொன்ன மிக நேர்மையான வாக்கியம் அது. அக்கா நம்பவில்லை. பாவம், அவருக்கும் இரண்டு பக்கமும் இடி. சொன்னால் கண் பட்டு மாடு படுத்துவிடும். சொல்லாவிட்டால் பொடி நின்றுவிடும். எனக்குக் கோழி எச்சம் காத்திருந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மாடு எங்களைப் பார்த்து அசைபோட்டது.

கடைசியில் அக்கா சொன்னார்: “நான் வாயத் தொறந்து சொல்லக் கூடாது. நீங்க கண்ணால பாக்கக் கூடாது. இதுக்கு நடுவுல என்ன வழி இருக்கோ பண்ணிக்குங்க சார். படிச்சவங்கதானே?”

சுற்றிலும் பார்த்தேன். மூலையில் தென்னந்தொடப்பம் சாய்ந்திருந்தது.

“அக்கா, கறந்ததும் நுரை அடங்கினப்புறம், வாளியில ஒரு குச்சிய நேரா விடுங்க. எது வரைக்கும் நனைஞ்சிருக்கோ அங்க ஒடிச்சு எனக்குக் குடுத்துடுங்க. வாளிய மட்டும் மாத்தாதீங்க. மிச்சத்த நான் கணக்குப் போட்டுக்கறேன்.”

“தொடப்பக்குச்சியவா? பாலுக்குள்ளயா?” அக்காவின் குரலுக்கு மாடே திரும்பிப் பார்த்தது. “ஏன் சார், உங்க வீட்டுல அம்மணி இதெல்லாம் கேக்க மாட்டாங்களா?”

தொடப்பமே ஆகாத புதுக் கீற்றிலிருந்து கிழித்த ஈர்க்கு, மஞ்சள் தண்ணீரில் கழுவியது, என்று பேசி முடித்தோம். குச்சிக்கு வாயும் கிடையாது, கண்ணும் கிடையாது என்பதால் அக்காவுக்குத் திருப்தி. தெருவுக்கே அவர்தான் எடுத்துச் சொன்னார். பொடி வாங்காத வீடுகளும் சேர்ந்துகொண்டன. ஒவ்வொரு வீட்டு வாளியிலும் தண்ணீர் ஊற்றி, எந்த உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்று குறித்துக்கொண்டேன்.

அதன் பிறகு வாரா வாரம் கட்டுக் கட்டாக ஈர்க்கோடு பஸ் ஏறினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர், “என்ன சார், தொடப்ப யாவாரமா? இதுல ஒண்ணுமே நீளமா இல்லையே” என்று அக்கறையாக விசாரித்தார். வீட்டில் என் மனைவி ஒரு கட்டைப் பிரித்து, தையல் இலை தைக்க எடுத்துவிட்டாள். இரண்டு இலை தைத்த பிறகுதான் பார்த்தேன். அந்த வாரம் இரண்டு வீட்டின் பாலளவு இலையில் தயிர்சாதத்தோடு போயிற்று.

ஆனால் குச்சிகள் பேசின. பொடி வாங்கிய வீட்டுக் குச்சிகள் வாரத்துக்கு வாரம் வளர்ந்தன. லிட்டராக்கிப் பார்த்தால் அக்கா வீட்டு மாடு, அவர் சொன்ன மூன்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல் கறந்துகொண்டிருந்தது. ஆய்வுக் கூட்டத்தில் அவற்றைப் பேராசிரியர் மேஜையில் வீடு வாரியாகப் பரப்பினேன்.

“என்னய்யா இது?”

“டேட்டா சார்.”

கண் படுகிற கதையைச் சொன்னேன். அவர் ஒரு குச்சியை எடுத்து முகர்ந்து பார்த்தார். “நான் நேர்ல பாக்கணும். அப்புறம்தான் பொடி உண்டா, கோழி உண்டான்னு சொல்வேன். எனக்கு இந்தக் கண்ணு காதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது.”

அக்காவிடம் கெஞ்சினேன். பேராசிரியர் கொட்டகைக்குள் வரக் கூடாது, தெருவில் முதுகு காட்டி நிற்க வேண்டும், கறந்த பிறகு குச்சியை அவர் கையாலேயே விடலாம், வாயைத் திறக்கவே கூடாது: இவை நிபந்தனைகள். கே.கே. நகரிலிருந்து விடிகாலையில் காரில் வந்த மனிதரிடம் நிபந்தனைகளைச் சொன்னேன். “சரிய்யா, சரிய்யா” என்றார். தெருவைப் பார்த்து நின்றார். உள்ளே பால் பீய்ச்சும் சத்தம் நின்றபாடில்லை. அவர் தோள் ஒருமுறை திரும்ப எத்தனித்தது, நான் இருமினேன்.

அக்கா வாளியை முந்தானையால் மூடி எடுத்து வந்து வைத்தார். நுரை அடங்கும்வரை மூவரும் மூன்று திசையைப் பார்த்தோம். பிறகு முந்தானை விலகியது. பேராசிரியர் குச்சியோடு குனிந்தார்.

“அடேங்கப்பா! இவ்வளவு பாலா!”

அக்கா வாளியை மூடினார். “தூ, தூ, தூ” என்றார், தரையைப் பார்த்துத்தான். பிறகு மிக மரியாதையாக, “சார், கொஞ்சம் காலத் தூக்குங்க” என்றார்.

பேராசிரியர் எதற்கென்று தெரியாமலே தூக்கினார். அவர் காலடி மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து, உப்பு, மிளகாயோடு சேர்த்து மாட்டைச் சுற்றி, அக்கா அடுப்பில் போட்டார். மிளகாய் படபடவென வெடித்தது. ஒருவரும் தும்மவில்லை.

“நெடியே இல்ல பாத்தீங்களா!” என்றார் அக்கா என்னிடம். “அவ்வளவும் கண்ணு.”

“எனக்கு மூக்கடைப்புய்யா” என்றார் பேராசிரியர் என் காதில். ஆனால் கார் கதவைத் திறக்கும் முன் செருப்பைத் தட்டிவிட்டு, மெல்லக் கேட்டார்: “மாட்டுக்கு ஒண்ணும் ஆயிடாதே?”

மறுநாள் அக்கா கொடுத்த குச்சி ஒரு விரற்கடை குட்டை. பேராசிரியர் கண் என்றார் அக்கா. ‘அறிமுகமற்ற நபரின் வருகையால் ஏற்பட்ட மன அழுத்தம்’ என்று நான் எழுதினேன். இருவரும் சொன்னது ஒரே ஆளைத்தான். அந்த வாரக் கடைசியில் குச்சி பழைய நீளத்துக்கு வந்தது. கோழி எச்சம் வேறொருவருக்குப் போனது. அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. அக்காவுக்குப் பொடி தொடர்ந்தது, எனக்குக் காபியும் தொடர்ந்தது.

பேராசிரியர் கையெழுத்துப் போட்டு, பொடி தேறியது என்று சொன்ன அன்று மாலை வீட்டு வாசலில் எதிர் வீட்டு மாமி நின்றிருந்தார்.

“என்ன, ஆராய்ச்சியெல்லாம் நன்னா ஜெயமாயிடுத்தாமே? பேசிக்கறா.”

“ஏதோ போயிண்டிருக்கு மாமி” என்றேன். எனக்குப் பின்னால் என் மனைவி தலையாட்டியது முதுகிலேயே தெரிந்தது.

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஆனா உடம்பு நன்னாச் சதை போட்டுடுத்து. அதை மறைக்க முடியாதே!”

மாமி படியிறங்கித் தெருவைக் கடந்ததும் என் மனைவி வாசலில் குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுத்தாள். மிளகாயும் உப்பும் எடுக்க உள்ளே போனாள். நான் ஆராய்ச்சியாளன். ஒரு வார்த்தை பேசாமல் கூடத்தில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.