கமக்கட்டில் பச்சைச் சுடர்

எண்பதுகளின் நடுப்பகுதியில் அச்சுவேலியில் வீட்டுப் பிரிட்ஜ் திருத்துகிறவன் என்றால் நான்தான். அந்த எண்ணம் எனக்கு நிறையவே இருந்தது. ஊரில் இன்னொருவன் இல்லாதது அதற்கு வசதியாகப் போயிற்று. போதாக்குறைக்குக் கொழும்பில் வாங்கிய, கசிவு பிடிக்கும் விளக்கு ஒன்றும் கைவசம் வந்து சேர்ந்தது. அதன் பிறகு என் நடையே மாறிவிட்டதாக என் மனைவி சொல்வாள்.

விளக்கில் பெரிய சூட்சுமம் இல்லை. ஒரு நீலச் சுடர், அதில் சூடேறும் செப்புத் தகடு, காற்றை உள்ளே இழுக்கும் ரப்பர் குழாய். பிரிட்ஜின் குழாய்களுக்குள் குளிர்வாயுவைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, ரப்பர் நுனியை ஒட்டுகளின் ஓரமாக நகர்த்த வேண்டும். வாயு கசியும் இடத்தில் சுடர் பச்சையாகும். சவர்க்கார நுரை பூசிக் குமிழி பார்ப்பது சைக்கிள் கடைக்காரனின் வேலை என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

புத்தூரில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் தன் வீட்டுப் பிரிட்ஜ் குளிரவில்லை என்று ஆள் அனுப்பினார். அதற்குள் மீனும் சோடாவும் மட்டும் இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அவருடைய மனைவிக்குக் கடும் சலரோகம். அரும்பாடுபட்டுக் கொழும்பிலிருந்து எடுப்பித்த இன்சுலின் போத்தல்கள் கதவுத் தட்டில் நின்றன. என்னிடமோ கடைசிச் சிலிண்டரின் அடியில் இருந்த வாயுதான் மிச்சம். வழியில் ஆமிக்காரர் சிலிண்டர்களை மறிக்கத் தொடங்கியிருந்தார்கள். இது முடிந்தால் முடிந்ததுதான்.

முதலில் பம்பைப் பூட்டிக் குழாய்களுக்குள் இருந்ததையெல்லாம் உறிஞ்சி எடுத்தேன். நிறுத்தியதும் அழுத்தமானியின் முள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. வெற்றிடம் ஓட்டை இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எங்கே என்று கேட்டால் என் மாமனார் மாதிரி வாயைத் திறக்காது. துளி வாயுவை ஏற்றி விளக்கைக் கொளுத்தினேன். உள்ளே மேல்தட்டில், குழாய்கள் சுற்றி ஓடும் ஐஸ் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோன உடனேயே சுடர் பச்சைப் பசேலென்று நின்றது.

"ஐயா, பிடிச்சிட்டன். ஐஸ் பெட்டிதான் போட்டுது," என்றேன். வேறு இடங்களில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. கெட்டிக்காரனுக்கு ஒரு தரம் போதுமே!

பழைய பிரிட்ஜ் ஒன்றிலிருந்து கழற்றிய ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து பற்றவைத்து முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது. சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை ஏற்றினேன். எதற்கும் இருக்கட்டும் என்று விளக்கைப் பிடித்தேன். மறுபடியும் பச்சை. புதிய ஒட்டில் பச்சை, கதவில் பச்சை, யன்னலடியில் பச்சை, சுவரில் மாட்டியிருந்த கலண்டரிலும் பச்சை. தபாலதிபர் ஒரு கையை உயர்த்திப் பிரிட்ஜில் ஊன்றிக்கொண்டு, என்னவென்று பார்க்கக் குனிந்தார். ரப்பர் நுனி அவருடைய கமக்கட்டுக்குள் போக, சுடர் அதுவரை காட்டாத பிரகாசத்தோடு எழுந்தது.

"என்ன தம்பி, என்னிலையும் ஓட்டையோ?"

"ஐயா, என்னத்தைப் பூசினனீங்கள்?"

"மகன் சவுதியிலையிருந்து அனுப்பின சென்ற். வாற ஆக்களுக்கு மீன் மணக்கக் கூடாதெண்டு அறைக்குள்ளையும் அடிச்சனான். சாப்பிட்டிட்டு வந்து இன்னொருக்காலும் அடிச்சனான்."

அந்தக் காலத்து சென்ற் ரின்களில் வாசனையை வெளியே தள்ளியது பிரிட்ஜில் ஓடிய அதே இன வாயு. என் விளக்கு காலையிலிருந்து சவுதியைத்தான் மோப்பம் பிடித்திருக்கிறது.

வெட்கத்தை விட்டு சவர்க்காரம் கேட்டேன். நுரை பூசிக்கொண்டே போனேன். பின்பக்கத்தில், வாயு ஏற்றி மூடுகிற சிறு குழாயின் அடி ஒட்டில் குமிழி முட்டை முட்டையாக ஊதியது. அதைத் திரும்பப் பற்றவைக்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் வாயுவை வெளியே விட வேண்டும். விட்டால் ஏற்ற வேறு இல்லை. விடாவிட்டாலும் இரண்டொரு நாளில் அது தானாகவே போய்விடும்.

அந்த ஒட்டு, போன வருஷம் இதே பிரிட்ஜுக்கு நான் போட்டது.

சென்ற் விளக்கை ஏமாற்றிய விஷயம் விளங்கியதும் அந்த அம்மா புருஷனைத்தான் பிடித்துக்கொண்டார். "உங்கடை சென்ற் பவுசாலை என்ரை மருந்தெல்லாம் பழுதாகப் போகுது. தம்பி பாவம், காலமை தொடக்கம் பாடுபடுறார்!" மண்சட்டியில் ஈரமணல் பரப்பி, போத்தல்களை ஒவ்வொன்றாகத் தபாலதிபரே அதற்குள் புதைத்தார். நான் போன வருஷத்து ஒட்டைப் பற்றி மூச்சு விடாமல் சாமான்களைக் கட்டினேன்.

நான் புறப்பட்டபோது தபாலதிபர் படலை வரை வந்து சைக்கிளின் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உள்ளதைச் சொல்லும். அவவுக்கு ஏதும் நடந்தால் அது என்னாலைதானே?"

"சென்ற் அடிக்காமல் விட்டிருக்கலாம், ஐயா," என்றேன்.