பெண் கேட்க வந்தவர்களுக்குப் புகை இறைச்சி

என் கணவர் இன்னாசித்தம்பி ஒன்றை நினைத்துவிட்டால் நினைத்ததுதான். யார் மறித்தாலும் நிற்கமாட்டார். இப்போது எங்கள் ஊர் கரம்பொனில் கடலில் வலை போடுகிறார். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் சரக்குக் கப்பலில் குசினியில் சமையல் வேலை. அங்கே ஒரு பிலிப்பைன்ஸ்காரன் பன்றி இறைச்சியைப் புகையில் வாட்டி, கள்ளைப் புளிக்க வைத்த வினாகிரி பூசிப் பூசி எடுப்பானாம். அந்தப் புகழைக் கேட்டுக் கேட்டே என் காது புளித்துப்போயிற்று.

சரி, பேசட்டும் என்று விட்டிருந்தேன். ஆனால் எங்கள் மகள் றொஷானியைப் பெண் கேட்டு நெடுந்தீவிலிருந்து ஆட்கள் வருகிற நாளிலா அதைச் செய்து பார்ப்பது? அவள் டிலோனை நான்கு வருடமாக விரும்புகிறாள். அவனுடைய தாய் ஞானசவுந்தரி ஓம் என்றால்தான் கலியாணம். தாய் சொல்லை அவன் தட்டமாட்டான். அந்த அம்மாவோ பச்சைத் தண்ணீரிலும் குறை பிடிக்கிற ஆள்.

"இறைச்சியைத் தாங்கோ, நான் கறி வைக்கிறன்," என்றேன்.

"மேரி, நீர் சும்மா கத்தாதையும். இண்டைக்கு என்ரை சமையல்," என்றார்.

விடிய ஐந்து மணிக்கே, பாதியாக வெட்டிய இரும்புப் பீப்பாயில் புளியம் விறகும் சிரட்டையும் போட்டு மூட்டி, மேலே பன்றி விலாவை வைத்துவிட்டார். மூன்று மாதமாகப் பானையில் புளித்துக் கிடந்த பனங்கள்ளு வினாகிரியில் இடித்த செத்தல் மிளகாய், உள்ளிப்பூண்டு, மிளகு, உப்பு கலந்தார். கறிவேப்பிலைக் கொத்து ஒன்றைக் கட்டி, அதால் தொட்டுத் தொட்டு அரை மணிக்கு ஒருதரம் இறைச்சியில் பூசினார். இனிப்புக்குப் பனங்கட்டி மட்டும் கடைசியில்தான். முதலே போட்டால் கரிந்துவிடுமாம். ஒவ்வொரு பூச்சுக்கும் சுர்ரென்று புகை எழும்பும். எனக்கு மூக்கு எரியும், வாயும் ஊறும். அதை அவருக்குக் காட்டுவேனா? ருசி பார்க்கக் கூப்பிட்டார், நான் போகவேயில்லை.

நெடுந்தீவுக்காரர் மத்தியானம் வந்து மேசையைச் சுற்றி இருந்தார்கள். இவர் இறைச்சியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். வெளியே கருஞ்சிவப்பாகப் பளபளத்தது. கத்தியை வைத்தார். உள்ளே பார்த்தால் ரோசாப்பூ நிறம்!

ஞானசவுந்தரி கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். "ஐயோ, இது பச்சையெல்லோ! பண்டியைப் பச்சையாத் தின்னக் குடுக்கிறியளோ? எங்களுக்கு வருத்தம் வந்து ஆசுப்பத்திரியிலை கிடக்கட்டோ?"

டிலோன் தலையைக் குனிந்துகொண்டான். குசினி வாசலில் நின்ற றொஷானியின் முகம் வெளிறிப்போயிற்று. காலையிலிருந்து வாய் ஓயாத என் மனுசன் கறிவேப்பிலைக் கொத்தோடு அப்படியே நின்றார். "அது புகை பிடிச்ச நிறம்..." என்றார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! அவர்மேல் இருந்ததெல்லாம் ஒரு நொடியில் அந்த அம்மாமேல் திரும்பியது. கண் சிவக்கச் சிவக்கப் புகையில் நின்ற மனுசனை நான் ஏசலாம். வேறு யார் ஏசுவது?

நேரே போய் ஒரு விலா எலும்பைப் பிடித்து இழுத்தேன். துளி சதை ஒட்டாமல் கையோடு வந்தது.

"பாருங்கோ அக்கா! பச்சை இறைச்சி இப்பிடி எலும்பை விடுமோ?" என்று கேட்டு, ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன்.

அம்மாடி! புளிப்பும் உறைப்பும் புகையும் ஒன்றாக ஏறின. சண்டை பிடிக்க வந்ததையே மறந்துவிட்டேன். கை தானாக இரண்டாவது துண்டுக்குப் போனது.

அதைக் கண்டதும் ஞானசவுந்தரி என் கையிலிருந்த எலும்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு சின்னத் துண்டை எடுத்து மெதுவாக மென்றார். மென்று விழுங்கிவிட்டுக் கதிரையை மேசைப் பக்கம் இழுத்தார்.

"பூசின தண்ணியிலை மிச்சம் கிடக்கோ?"

இவர் பூசாமல் தனியாக எடுத்து வைத்திருந்ததைக் கொடுத்தேன். சோற்றின்மேல் தாராளமாக விட்டார். மூன்றாம் தரம் இறைச்சி போட்டுக்கொண்ட பிறகுதான் என் மனுசனை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணை, கலியாணத்துக்கு எங்கடை ஆக்களே இருநூறு பேர் வருவினம். ரெண்டு பண்டி காணுமோ, போதாதோ?"

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார், புகையாம். நான்தான் சொன்னேன்:

"காணாது. மூண்டு போடுவம்!"