தட்டாமல் போட்ட ஷூ

கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தேளே கிடையாது. சங்கச் செயலாளர் அப்படித்தான் சொல்வார். இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை, நெற்றியில் சந்தனக் கீற்று. அந்த முகத்தோடு எதைச் சொன்னாலும் தீர்மானம் நிறைவேறியது போலவே இருக்கும். மாடிப்படி பெருக்கும் பெண் தன் விரலைப் பிடித்துக்கொண்டு, "தேளு கொட்டிச்சு சார், வலி உயிரு போவுது" என்று அழுதபோதும், "எறும்பும்மா, சுண்ணாம்பு தடவிக்கோ" என்றார். தேள் இருப்பது வெளியே தெரிந்தால் வீட்டு விலை இறங்கிவிடுமாம்.

ஆனால் தினமும் வாக்கிங் கிளம்பும்போது, வாசலில் கிடக்கும் ஷூவை மூன்று முறை தட்டிக் கவிழ்த்துப் பார்க்காமல் காலை நுழைக்க மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடு வாங்க வந்த தம்பதி அவர் பக்கத்திலேயே நின்றார்கள். அவர்கள் எதிரில் எப்படித் தட்டுவது? ஷூவை அப்படியே காலில் மாட்டிக்கொண்டார். மறுநொடி முகம் கோணியது. அப்போதும் சிரித்தபடியே அவர்களை வழியனுப்பிவிட்டுத்தான் ஷூவைக் கழற்றி எறிந்தார்.

நான்தான் ஆட்டோவில் மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன்.

"என்ன கடிச்சது?" என்றார் டாக்டர்.

"எறும்பு."

"அப்ப ஊசி வேண்டாம், கிளம்பலாம்."

செயலாளர் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கொஞ்சம் பெரிய எறும்பு டாக்டர். வாலைத் தூக்கிண்டு இருந்தது."